நம்ம ஆளா இருக்கணும்

என் மகளுக்கு ரத்தம் ஏற்றுகிற நாளில், ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூருக்குக் காலையிலேயே பஸ் ஏறிவிடுவோம். ஜன்னலோரம் அவள், நடுவில் அவள் அப்பா, ஓரத்தில் சோற்றுப் பையோடு நான். மூன்று வாரத்துக்கு ஒருமுறை இந்தப் பயணம் என்பதால் கண்டக்டர்களுக்குக்கூட எங்களைத் தெரியும். ஒருவர் ஒருநாள், பாப்பாவுக்கு ஆஸ்பத்திரியில் வேலை போட்டுக் கொடுத்துவிட்டார்களா என்று கேட்டார். அவள் சிரித்தாள். நானும் சிரித்து வைத்தேன். வேறு என்ன செய்ய.

அவளுக்கு வயது ஏழு. நோய்க்குத் தலசீமியா என்று பெயர். உடம்பில் ஊறுகிற ரத்தம் நிலைக்காது. அடுத்தவர் ரத்தத்தை ஏற்றிக்கொண்டே இருந்தால்தான் உயிர். ஏற்றுகிற ரத்தத்தில் இருக்கிற இரும்போ கொஞ்சம் கொஞ்சமாக ஈரலில் போய்த் தங்குகிறது. அதை வெளியேற்ற தினமும் மாத்திரை. பிழைக்க வைப்பதே உள்ளுக்குள் கெடுத்துக்கொண்டும் இருக்கிறது. இதை முதலில் டாக்டர் சொன்னபோது, இப்படியும் ஒரு நோயைக் கடவுள் உட்கார்ந்து யோசித்தாரா என்றுதான் எனக்குத் தோன்றியது.

வார்டு நர்ஸ் தங்கமான மனுஷி. பிள்ளைக்கு நரம்பு தேடும்போது தனக்கே ஊசி குத்துவதுபோல முகத்தைச் சுளிப்பார். அவருக்கு ஓர் ஆச்சரியம் மட்டும் இன்றுவரை தீரவில்லை. "அப்பாவும் மகளும் ஒரே குரூப்பு. எப்பிடி ஒட்டிப் பெறந்திருக்கு பாருங்க" என்று ஒவ்வொரு தடவையும் சொல்வார். என் வீட்டுக்காரர் தலையைக் குனிந்து சிரித்துக்கொள்வார். ஒட்டியும் பிறக்கவில்லை, ஒன்றும் இல்லை. குரூப் பார்த்துத்தான் வாங்கினோம்.

இதை நான் எழுதுவது அவருக்குத் தெரியாது. அதனால்தான் இதில் யார் பெயரும் இல்லை.

நான் தளவாய்புரத்துக்காரி. அங்கே வீட்டுக்கு வீடு நைட்டி தைப்பார்கள். மிஷின் சத்தத்துக்கு மேலே பேசிப் பேசியே வளர்ந்ததால் எனக்குக் குரலும் பெரிது, வாயும் நீளம் என்று கட்டிக்கொடுத்த இடத்தில் பெயர். ராஜபாளையத்தில் இவர் ஒரு நூல் மில்லில் ஃபிட்டர். நல்ல மனிதர். குடி இல்லை, கைநீட்ட மாட்டார், மில் விட்டால் வீடு. கல்யாணமாகி வருஷங்கள் போயும் வயிற்றில் ஒன்றும் தங்கவில்லை. ஊர் என்னைத்தான் பார்த்தது. விசேஷ வீடுகளில் வளையல் கொடுக்கும்போது என்னைத் தாண்டிப் போவார்கள். நான் மருந்து குடித்தேன், வயிற்றைத் திறந்து பார்த்தார்கள், கோயில் கோயிலாக விளக்குப் போட்டேன். கடைசியில் மதுரையில் ஒரு சென்டரில் இவரையும் பரிசோதித்தார்கள். இவருடைய விந்தில் உயிரணு ஒன்றுகூட இல்லை என்றார்கள்.

அன்றைக்கு அவர் என்னிடம் பேசவில்லை. பிறகு ஒரு வாரம் யாரிடமும் பேசவில்லை. எனக்கு ஒரு பக்கம் பாவமாக இருந்தது. இன்னொரு பக்கம், இத்தனை வருஷம் நான் வாங்கிய பேச்சுக்கெல்லாம் யார் பதில் சொல்வது என்று ஆத்திரம் வந்தது. அந்த ஆத்திரத்தை மென்று முழுங்கினேன். வேறொருவர் உயிரணுவை வைத்துச் செய்யலாம் என்று டாக்டர் சொல்லியிருந்தார். அந்தப் பேச்சை நான் மறுபடி எடுக்கவில்லை, இவராகவேதான் எடுத்தார். அந்த ஒன்றுக்காக அவரை நான் இன்றைக்கும் மதிக்கிறேன். எத்தனை ஆண்களுக்கு அந்த மனசு வரும்?

இரண்டாவது தடவை போனபோது, இதற்கென்றே இருந்த கவுன்சலிங் அம்மா எங்களை உட்கார வைத்து விளக்கினார். கொடுப்பவர் யாரென்று உங்களுக்குத் தெரியாது, நீங்கள் யாரென்று அவருக்குத் தெரியாது என்றார். எய்ட்ஸ், மஞ்சள் காமாலை எல்லாம் பார்த்துத்தான் எடுப்போம், உயரமும் நிறமும் குரூப்பும் சாருக்குப் பொருந்துகிற மாதிரி பார்ப்போம் என்றார். எல்லாவற்றுக்கும் தலையாட்டிக்கொண்டிருந்த இவர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். "என்ன ஆளுக?"

ஜாதியைத்தான் கேட்டார், எனக்கு மானம் போயிற்று. அதெல்லாம் நாங்கள் பார்ப்பதில்லை, கேட்கவும் கூடாது என்று அந்த அம்மா சிரித்தபடி சொன்னார். சரி, முடிந்தது என்று எழுந்தேன். ஆனால் அந்த அம்மா வாசல்வரை கூடவே வந்தார். செருப்பு மாட்டும்போது குரலைத் தாழ்த்தி, நீங்க என்ன ஆளுகன்னு மட்டும் சொல்லுங்க, பார்க்கலாம் என்றார். இவர் சொன்னார். அந்த அம்மா தலையசைத்தார். ஜவுளிக் கடையில் கேட்ட கலர் உள்ளே இருக்கும் என்று சொல்லிப் போவார்களே, அதே தலையசைப்பு.

பஸ் ஸ்டாண்டில் வைத்தே நான் ஆரம்பித்துவிட்டேன். சுமக்கப்போவது நான், எனக்கு நோய்நொடி இல்லாத ஆளாக இருந்தால் போதும், எந்த ஆளாக இருந்தால் என்ன என்று கேட்டேன். ஜனங்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவர் குரலை உயர்த்தவே இல்லை.

"நாளைக்கு குலசாமி கோயில்ல மொட்டை போடணும். நம்ம சாமி முன்னாடி வேத்தாளு பிள்ளைய உக்கார வைக்கச் சொல்லுதியா? நம்ம ஆளா இருக்கணும். இல்லைன்னா பிள்ளையே வேண்டாம்."

எங்கள் பக்கத்தில் அது சின்ன விஷயமில்லை. முதல் முடி குலசாமிக்கு. அதை இறக்கி வைத்தால்தான் பிள்ளை அந்த வீட்டுப் பிள்ளை. தன் விந்து இல்லை என்பதைத் தாங்கிக்கொண்ட மனிதருக்குச் சாமியை ஏமாற்றுவதுதான் தாங்கவில்லை. நான் பேசிப் பார்த்தேன், அழுது பார்த்தேன், அவர் அசையவில்லை. எனக்குப் பிள்ளை வேண்டும். அத்தோடு பேச்சு முடிந்தது.

பிள்ளை பிறந்தது. யாரைப் பார்த்தாலும், அப்பனை உரித்து வைத்திருக்கிறது என்றார்கள். மொட்டை போட கான்சாபுரம் பக்கத்தில் இருக்கிற எங்கள் குலசாமி கோயிலுக்கு வேன் வைத்துப் போனோம். என் தம்பி மடியில் உட்கார்ந்து கத்து கத்தென்று கத்தினாள். முடி விழ விழ இவர் கண்ணில் தண்ணீர் நிற்கவில்லை. சொந்தக்காரர்கள் பிள்ளையை வாங்கி வாங்கிக் கொஞ்சினார்கள். என்ன வெளுப்பு, என்ன கலரு, நம்ம வீட்டில் இப்படி ஒரு பிள்ளை உண்டா என்று ஆளாளுக்குத் திருஷ்டி கழித்தார்கள். நானும் பூரித்துப் போனேன். ரத்தம் இல்லாமல்தான் பிள்ளை வெளுத்துக்கொண்டிருந்தாள் என்பது அடுத்த மாதம் காய்ச்சலில் தூக்கிக்கொண்டு ஓடியபோதுதான் தெரிந்தது.

டாக்டர் முதலில் கேட்டது, சொந்தத்திலா கல்யாணம் என்பதுதான். இல்லை என்றோம். ஒரே ஆளுகதானே என்றார். ஆமாம் என்றோம். அவர் பொறுமையாகச் சொன்னார். இந்தக் குறை ஒருவரிடம் மட்டும் இருந்தால் ஒன்றும் செய்யாது, ஆயுசு முழுக்கத் தெரியாமலே வாழ்ந்துவிட்டுப் போகலாம். தாய், தகப்பன் இருவரிடமும் இருந்தால்தான் பிள்ளைக்கு இப்படி வரும். எந்த ஜாதியிலும் வரலாம். ஆனால் ஒரே கூட்டத்துக்குள் திரும்பத் திரும்பக் கட்டிக்கொண்டால், இரண்டு பேரிடமும் அதே குறை இருக்கிற வாய்ப்பு கூடும். கல்யாணத்துக்கு முன்னாலோ கர்ப்பத்துக்கு முன்னாலோ ஒரு சின்ன ரத்தப் பரிசோதனை செய்திருந்தால் தெரிந்திருக்கும் என்றார். என் ரத்தத்தைப் பார்த்தார்கள். என்னிடம் இருந்தது. அப்பா ரத்தத்தையும் பார்க்க வேண்டும் என்றார்கள். இவரை வீட்டில் விட்டுவிட்டுப் போய், மில்லில் லீவு கிடைக்கவில்லை என்றேன். அடுத்த தடவையும் ஏதோ ஒரு காரணம் சொன்னேன். பிறகு அவர்களே கேட்பதை விட்டுவிட்டார்கள்.

அந்தச் சின்னப் பரிசோதனையை அந்த சென்டரில் யாரும் செய்யவில்லை. கொடுத்தவனுக்கும் செய்யவில்லை, எனக்கும் செய்யவில்லை. எய்ட்ஸ் பார்த்தார்கள், காமாலை பார்த்தார்கள், உயரம் பார்த்தார்கள், கலர் பார்த்தார்கள். விதியை மீறி, வாசல்வரை வந்து, ஜாதியும் பார்த்தார்கள். இது ஒன்றைப் பார்க்கவில்லை. யாருக்கும் அதைக் கேட்கத் தோன்றவில்லை. நாங்கள் கேட்டது கிடைத்தது, அவ்வளவுதான்.

இப்படிப்பட்ட இடங்களில் ஏமாற்றிவிடுவார்கள், ஒன்றைச் சொல்லி இன்னொன்றை வைத்துவிடுவார்கள் என்று எல்லோரும் சொல்கிறார்கள். பாவிகள், எங்களை ஏமாற்றியிருக்கக் கூடாதா? சரிம்மா, உங்க ஆளுதான் என்று வாயால் சொல்லிவிட்டு, எங்கிருந்தாவது, எவனுடையதையாவது வைத்திருந்தால் என் பிள்ளை இன்றைக்கு மற்றப் பிள்ளைகளைப்போல வெயிலில் ஆடிக்கொண்டிருந்திருப்பாள். ஒருமுறை சண்டையில் இதை இவரிடம் சொல்லிவிட்டேன். சாமிக்காக ஜாதி பார்த்தீர்களே, அந்தச் சாமிதான் இதைக் கொடுத்தது என்று நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்டேன். சோற்றில் கையை வைத்தபடி அப்படியே உட்கார்ந்திருந்தார்.

அதற்குப் பிறகுதான் ரத்தம் கொடுக்க ஆரம்பித்தார். கொடுக்கலாம் என்கிற இடைவெளி முடிந்ததும் போய்ப் படுத்துவிடுவார். அது ரத்த வங்கியில் பொதுவாகச் சேர்ந்து, யார் யாருக்கோ போய்விடும். இவளுக்கு ஏறுவது வேறு யாருடையதோ. அதை நான் அவரிடம் சொன்னதில்லை. "அப்பா ரத்தந்தான் ஒனக்கு ஓடுது" என்று மகளிடம் சொல்வார். அவளும் குழாயைப் பார்த்துத் தலையாட்டுவாள்.

நோய் தீர ஒரு வழி உண்டு என்றார்கள். எலும்பு மஜ்ஜையை மாற்றி வைக்க வேண்டும். அதற்குக் கூடப்பிறந்தவர்களுடையதுதான் நன்றாகப் பொருந்தும். ஒரே அப்பா அம்மாவுக்கு இன்னொரு பிள்ளை பிறந்தால், நாலில் ஒரு பங்கு வாய்ப்பு. இதை டாக்டர் சொன்னபோது இவருடைய அண்ணனும் கூட இருந்தார். எங்கள் வீட்டுக்கு எல்லாம் அவர்தான். இவருக்கு மில் வேலை வாங்கிக்கொடுத்தது அவர், எங்கள் கல்யாணத்தை முன்னின்று செய்ததும் அவர். அவர் முகம் அப்படியே மலர்ந்துவிட்டது.

"அதுக்கென்னம்மா, இன்னொன்னு பெத்துக்கோங்க. இதுக்கு எதுக்கு இம்புட்டுக் கவலை?"

நான் இவரைப் பார்த்தேன். இவர் தரையைப் பார்த்தார்.

அதன் பிறகு வீட்டுக்கு வருகிறவர்களெல்லாம் இதைத்தான் கேட்டார்கள். பிள்ளை இப்படிக் கிடக்கும்போது இன்னொன்று பெற என்ன தயக்கம் என்று முகத்துக்கு நேரே கேட்டவர்களும் உண்டு. என் அழகு கெட்டுவிடும் என்று பார்க்கிறேனாம். கேட்டவளை என்ன செய்ய? வாயைத் திறந்தால் ஒரு நல்ல மனிதரின் மானம் போகும். கூலிக்குத் தைக்கிற நைட்டித் துணியை வெட்டிக்கொண்டே, கத்தரிக்கோலைக் கீழே வைக்காமல் பேச்சை மாற்றினேன்.

ஒருநாள், நூல் வாங்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டுத் தனியாக மதுரைக்குப் போனேன். சென்டர் பெரிய கட்டடமாகியிருந்தது. அந்தக் கவுன்சலிங் அம்மா இல்லை. ஓர் இளவயது டாக்டர் மரியாதையாகத்தான் உட்கார வைத்தார். அதே ஆளுடைய உயிரணு மிச்சம் இருக்கிறதா என்று கேட்டேன். இல்லை, அது வெளியில் ஒரு விந்து வங்கியில் வாங்கியது, அந்த வங்கியையே இப்போது மூடிவிட்டார்கள் என்றார். ஆளைக் கண்டுபிடித்துக் கேட்க முடியுமா, மஜ்ஜை கொடுக்க வேண்டாம், இன்னொரு தடவை அதையே கொடுத்தால் போதும் என்றேன். அவர் முடியாது என்று தலையை அசைத்தார். எங்களிடம் அடையாளம் இல்லை, இருந்தாலும் சொல்லக் கூடாது, ரகசியம் என்றுதானே நீங்களும் சம்மதித்தீர்கள் என்றார். அது உண்மைதான். ரகசியம் எங்களுக்கு வேண்டியிருந்தது. அதற்காகத்தானே மதுரைவரை போனோம்.

கடைசியாக ஒன்று கேட்டேன். "எனக்கு ஒண்ணும் செய்ய வேண்டாம். அந்தப் பையன்கிட்ட நோயை மட்டும் சொல்லிருங்க. அவனுக்கும் இப்ப கல்யாணம் ஆகியிருக்கும். எங்க ஆளுகள்லதான் பொண்ணு எடுத்திருப்பான். அவன் பிள்ளைக்கும் இது வந்துரக் கூடாதுல்ல?"

அவர் பேனாவை மூடி வைத்தார். பிறகு, வழி இல்லைம்மா என்றார். அவர் கண் கலங்கியிருந்ததைப் பார்த்தேன். அதை வைத்து நான் என்ன செய்ய?

அந்தப் பையன்மேல் எனக்குக் கோபம் இல்லை. யாரோ கூப்பிட்டிருப்பார்கள், போயிருப்பான். அவனுக்கும் யாரும் எதுவும் சொல்லியிருக்க மாட்டார்கள். இப்போது எங்கள் ஆட்கள் வீட்டு விசேஷங்களுக்குப் போனால், அந்த வயதுள்ள ஆண்களைப் பார்ப்பதில்லை. எவனாவது மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றால் அந்தப் பிள்ளையின் கண்ணுக்குக் கீழே இமையைத் தாழ்த்தி, வெளுப்பு இருக்கிறதா என்று பார்க்கக் கை போகிறது.

இன்னொரு பிள்ளைக்கு வழியில்லை என்று அண்ணனிடம் சொல்ல வேண்டியிருந்தது. எனக்குக் கர்ப்பப்பையில் கோளாறு என்று சொன்னேன். மறுபடியும் என் தலையில்தான். அவர் தளரவில்லை. அப்படியானால் நாங்கள் இருக்கிறோம் என்றார். மதுரையில் ஓர் ஆஸ்பத்திரியில் மஜ்ஜை பொருத்தம் பார்க்கிறார்கள் என்று விசாரித்து, தானும் தன் பிள்ளைகளும் வருவதாக நாள் குறித்துவிட்டார். "எல்லாம் ஒரே ரத்தம், யாருக்காவது சேராமலா போயிரும்?" என்றார். பெற்றவர்களுக்குப் பாதி கட்டாயம் சேரும் என்று செல்லில் பார்த்ததாகவும் சொன்னார். பரிசோதித்தால் உண்மை வெளியே வந்துவிடும். நீங்கள் வர வேண்டாம், ஏதாவது காரணம் சொல்லுங்கள் என்று இவரிடம் கெஞ்சினேன். அண்ணன் பிள்ளைகள் வரும்போது அப்பன் வராவிட்டால் என்ன நினைப்பார்கள் என்றார். அதுவும் சரிதான்.

அங்கே இருந்த டாக்டர் ஒரு பெண். அவரிடம் மட்டும் தனியாகப் போய்ச் சொன்னேன். பிள்ளை இவருக்குப் பிறந்தவள் இல்லை என்று, வாயால், சத்தமாக, ஒரு மனுஷியிடம் அன்றுதான் முதல் தடவையாகச் சொன்னேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, முடிவை உங்களிடம் மட்டும் சொல்கிறேன் என்றார். எல்லோரும் வாயைத் திறந்து காட்டினார்கள், கன்னத்தின் உள்ளே பஞ்சுக் குச்சியால் தேய்த்து எடுத்தார்கள். இவரும் காட்டினார்.

முடிவு சொல்கிற நாளில் அண்ணனும் வந்திருந்தார். மகளையும் அழைத்துப் போயிருந்தோம். நான் மட்டும் உள்ளே போனேன். யாருக்கும் சேரவில்லை. வெளியே பதிவு செய்தவர்களிலும் தேடிப் பார்த்திருந்தார்கள், அங்கேயும் இல்லை. எனக்குப் பாதி சேர்ந்திருந்தது. ஆனால் ஈரல் இந்த நிலைமையில் இருக்கும்போது பாதிப் பொருத்தத்தை வைத்துச் செய்தால் பிள்ளையே தாங்க மாட்டாள், எனக்கு அந்தத் தைரியம் இல்லை என்றார் டாக்டர். அப்படியானால் என்ன செய்ய என்று கேட்டேன். ரத்தத்தை விடாமல் ஏற்றுங்கள், மாத்திரையை நிறுத்தாதீர்கள் என்றார். எத்தனை வருஷத்துக்கு என்று நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை.

வெளியே வந்தேன். அண்ணன் எழுந்து நின்றார். முழுசாக யாருக்கும் சேரவில்லை என்றேன். அவர் முகம் விழுந்தது. பிறகு, "அப்பனுக்கு எம்புட்டும்மா?" என்றார்.

இவர் மகளை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நிமிர்ந்து என்னைப் பார்த்தார். எத்தனையோ தடவை அவரை நான் பேச்சால் குத்தியிருக்கிறேன். அன்றைக்கு அந்த முகத்தைப் பார்த்து முடியவில்லை.

"பாதி, அத்தான்" என்று அண்ணனிடம் சொன்னேன். "பாதி வச்சு செய்ய முடியாதுன்னுட்டாக."

திரும்பி வரும்போது பஸ்ஸில் அண்ணன் முன் சீட்டில் தூங்கிவிட்டார். கிருஷ்ணன்கோவில் தாண்டியதும் இவர் என் பக்கம் சாய்ந்து, மெதுவாக, "நெசமாவே பாதியா?" என்று கேட்டார். உலகத்தில் என்னைத் தவிர உண்மை தெரிந்தவர் அவர் ஒருவர்தான். சேராது என்று அவருக்குத் தெரியாதா? தெரியும். ஆனாலும் கேட்டார். பரீட்சை எழுதிய பிள்ளை மார்க் கேட்பதுபோலக் கேட்டார்.

"நெசந்தான்" என்றேன்.

அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். சண்டை போட்ட அந்த நாளுக்குப் பிறகு அந்த முகத்தில் அப்படி ஒரு நிம்மதியை நான் பார்த்ததில்லை. மடியில் தூங்குகிற மகளின் தலையைத் தடவிக்கொண்டே இருந்தார். ஸ்ரீவில்லிபுத்தூரில் ஆள் இறங்கி பஸ் கிளம்பியதும் சொன்னார்.

"அதுக்குத்தாம்ட்டி அன்னிக்கே சொன்னேன், நம்ம ஆளா இருக்கணும்னு. வேத்தாளா இருந்தா இந்தப் பாதியும் சேர்ந்திருக்குமா? எங்கயோ சுத்தி நமக்குச் சொந்தமாத்தான் இருப்பான்."

பாதி சேர்ந்தது எனக்குத்தான் என்று சொல்லிவிடலாம். சொன்னால் அந்த முகம் மறுபடி விழும். விழுந்தால் என் பிள்ளைக்கு அணுவளவாவது நல்லது நடக்குமா? நடக்காது.

"நாளைக்கு இவளுக்கும் மாப்பிள்ளை நம்ம ஆளாத்தான் பாக்கணும்" என்றார்.

ம் என்றேன். மகளின் கால் என் மடியில் கிடந்தது. ரத்தம் ஏற்றி மூன்று வாரம் ஆகப்போகிறது, பாதம் சில்லென்று இருந்தது. முந்தானையை எடுத்து மூடிவிட்டு, ராஜபாளையம் வரும்வரை அதைத் தேய்த்துக்கொண்டே வந்தேன்.